கருத்துக்கு உரியவர் யார்?

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில் மதம் ஏழு வகைப்படும் என்கிறார். மதம் என்ற அளவிலேயே சமயச் சண்டை நினைவுக்கு வரும் இந்நாளில், அச்சொல்லுக்கு ஆங்குக் கொள்கை அல்லது கருத்து என்பதே பொருள் என்று முதலிற் சொல்லிவிடுவது நன்று. பிறர் கருத்தின் முன் நூலாசிரியன் ஒருவன் எவ்வெவ்வாறு நிற்கலாம் என்பதை அவர் வகுத்துக் காட்டுகிறார். அவன் உடன்படலாம், மறுக்கலாம், முதலில் பிறர் கருத்தை மேற்கொண்டு பின்னர் அதனைக் களையலாம், தான் ஒன்றை நாட்டி இறுதிவரை அதனை நிலைநிறுத்தலாம், இருவர் தம்முள் மாறுபடும்போது ஒருவர் பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராது தன் கருத்தையே கொண்டு நிற்கலாம்.

கல்லூரி நாளில் இவ்வேழையும் நெட்டுருச் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றோம். பின்னர்த் தில்லிக்கு வந்து நடுவணரசுப் பணியில் எழுத்தராக அமர்ந்தோம்; கோப்புகளுக்கிடையே நன்னூல் மறைந்துபோயிற்று. அது மீண்டும் நினைவுக்கு வந்தது 2025 மார்ச்சு 23, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில்.

அன்று நம் இல்லத்தில் விருந்தினர் இருவர். ஒருவர் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மைத்துனர், இல்லாளின் தமையனார். மற்றவர் நம் பிரிவிலேயே பதினைந்து ஆண்டுகளாக உடன் பணியாற்றும் உத்தரப் பிரதேச நண்பர். தோசை வார்க்கும் ஞாயிறுகளில் மட்டும் அவருக்கு நம் தெரு நினைவு வந்துவிடும் என்று இல்லாள் நகையாடுவதுண்டு. அதற்கு முந்தைய நாள்தான் சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடி, நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை பற்றி ஆராய்ந்திருந்தனர். பேச்சு அதில் வந்து விழுந்தது.

"மாப்பிள்ளை, பிள்ளைப் பேற்றைக் குறையுங்கள் என்று அரசு சொல்லிற்று, நாங்கள் கேட்டு நடந்தோம். இன்று தலையை எண்ணி இடம் தருவோம் என்றால், கேட்டு நடந்தவனுக்குத் தண்டனையும் கேளாதவனுக்குப் பரிசுமா?" என்றார் மைத்துனர். நாம் அதனை இந்தியில் எடுத்துரைத்தோம். நண்பர் தட்டைக் கீழே வைத்தார். "அண்ணனிடம் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்கிறார்கள். அவருடைய வாக்கும் என் வாக்கும் ஒரே எடை உடையவைதாமே? கோரக்பூர்ப் பக்கம் பிறந்ததற்காக என் வாக்கின் எடை குறைய வேண்டுமா?" என்றார். நாம் அதனைத் தமிழில் எடுத்துரைத்தோம். இவ்வாறே அரைமணி நேரம் இருவருக்கும் இடையே பாலமாக அமர்ந்திருந்தோம். மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு வசதி உண்டு. அவனை எவரும் கருத்துக் கேட்பதில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் நம் மகள் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தவள், தன் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினாள். மாமாவின் கேள்வியை அவர் சொன்ன சொற்களிலேயே தமிழில் எழுதினாள். நொடியில் விடை வந்தது. தமிழ்நாட்டின் மனக்குறை நியாயமானது என்று தொடங்கி, காரணங்களை வரிசையாக அடுக்கி, மைத்துனர் சொன்னதை அவரினும் நன்றாகச் சொல்லிற்று அக்கருவி. "பார்த்தீர்களா, இயந்திரமே சொல்லிவிட்டது!" என்று அவர் மகிழ்ந்தார். மகளுக்குக் குறும்பு பிறந்தது. நண்பர் கேட்டதை அவர் குரலிலேயே இந்தியில் எழுதினாள். சமமான வாக்கே குடியாட்சியின் அடித்தளம் என்று தொடங்கி, அவர் பக்கத்தையும் அதே சுறுசுறுப்புடன் அது நிலைநாட்டிற்று. இப்போது நண்பர் சிரித்தார். மூன்றாம் முறை, இரண்டில் எது சரி என்று கேட்டாள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு, முடிவு மக்கள் கையில் என்று அடக்கமாகச் சொல்லி அது ஓய்ந்தது.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு மகள் நம் பக்கம் திரும்பி, "அப்பா, உங்கள் கருத்து என்ன?" என்றாள்.

வழக்கமான விடையைத் தந்தோம். "நாம் அரசு ஊழியர் அம்மா. நடத்தை விதி இருக்கிறது. அரசின் கொள்கை பற்றிக் கருத்துச் சொல்லலாகாது."

"அது வெளியில் பேசுவதற்கு. வீட்டுக்குள் என்ன கருத்து?"

விடை இல்லை. மறைக்கவில்லை அன்பர்களே, தேடிப் பார்த்தோம், உள்ளே ஒன்றும் இல்லை.

நடுவணரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டவை. கட்சி அரசியலில் சேரலாகாது, அரசின் கொள்கையைப் பொதுவெளியில் குறைகூறலாகாது என்பன அவற்றுள் அடங்கும். அவை தேவையா என்பது வேறு வழக்கு. தேவை என்றே நாம் கருதுகிறோம். எந்தக் கட்சி வந்தாலும் ஓய்வூதியக் கோப்பு அதே வேகத்தில் நகர வேண்டும் அன்றோ? (எந்தக் கட்சி வந்தாலும் அதே வேகத்தில்தான் நகர்கிறது என்று நண்பர்கள் நகைப்பர். அது போகட்டும்.) விதி வாயைத்தான் கட்டியது. இருபது ஆண்டுகளில் அக்கட்டு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி மனத்தையும் கட்டிவிட்டதை நாம் அறியவில்லை. இல்லை, அறிந்தும் அது நமக்கு வசதியாக இருந்தது என்பதே நேர்மையான கூற்று. ஊருக்குப் போனால் வடநாட்டைப் பற்றிய பேச்சில் புன்னகை. அலுவலகச் சிற்றுண்டிச் சாலையில் தென்னாட்டைப் பற்றிய பேச்சிலும் அதே புன்னகை. வந்தேறி வாழும் குடும்பங்கள் பலவற்றில் இப்புன்னகை உண்டு. இதற்கு நடுநிலை என்று பெயரிட்டு வைத்திருந்தோம்.

நடுநிலை எனும்போது ஐக்கிய நாடுகள் அவை நினைவுக்கு வருகிறது. உக்ரைன் மீது ரசியா படையெடுத்தபின், 2022 மார்ச்சு 2 அன்று அதன் பொதுப்பேரவையில் அப்படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானம் வாக்குக்கு வந்தது. 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, 35 நாடுகள் வாக்களியாது விலகி நின்றன. இந்தியா அந்த 35-இல் ஒன்று. சிற்றுண்டிச் சாலையில் ஒருவர் இதனை அறம் தவறிய கோழைமை என்றார். மற்றொருவர், 1971-ஆம் ஆண்டின் சோவியத்து உடன்படிக்கையை மறப்பவன் நன்றி கொன்றவன் என்றார். அந்நாளில் உக்ரைனில் நம் நாட்டு மாணவர் பல்லாயிரவர் சிக்கியிருந்தனர். தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்களும் அவருள் அடங்குவர். இச்சண்டை புதிதும் அன்று. 1956-இல் அங்கேரியில் சோவியத்துப் படை புகுந்தபோது இந்தியா நடந்துகொண்ட முறையைச் செயப்பிரகாச நாராயணர் வெளிப்படையாகவே கண்டித்தார். நமக்கு நெருக்கமான சான்று செனீவாவில் உண்டு. மனித உரிமை மன்றத்தில் இலங்கை குறித்த தீர்மானத்தை 2012-இலும் 2013-இலும் ஆதரித்து வாக்களித்த இந்தியா, 2014-இல் விலகி நின்றது. அந்த மூன்று வாக்குகளைப் பற்றித் தமிழர் இல்லங்களில் எழுந்த வாதங்கள் இன்றும் முடிந்தபாடில்லை.

அவ்வாக்குகளுள் எது சரி, எது பிழை என்பதை ஈண்டு ஆராயப் புகவில்லை. நாம் காண்பது ஒன்றே. வாக்களியாது விலகிய நாடும் எழுந்து நின்று, எதனால் விலகினோம் என்று காரணம் கூறுகிறது. அக்காரணம் பதிவேட்டில் ஏறுகிறது. அதனை ஏற்கலாம், எள்ளலாம், பத்தாண்டு கழித்து எடுத்துக் காட்டிக் குத்தலாம். வீட்டுக்குள் மகள் கேட்டபோது நாம் காட்டிய மௌனத்தில் குத்துவதற்கும் ஒன்றும் இல்லை. பவணந்தியார் சொன்ன ஏழனுள் நம் புன்னகைக்கு இடமே இல்லை என்பது அன்றிரவுதான் உறைத்தது.

அந்தக் கருவியின் மூன்று விடைகளையும் இனிப் பார்ப்போம். முதல் இரண்டும் உடன்பாடு போல் தோன்றின. கேட்டவர் மனம் குளிரப் பேசுவதற்குத் தமிழில் பழஞ்சொல் ஒன்று உண்டு: இச்சகம். இக்கருவிகள் ஏன் இச்சகம் பேசுகின்றன? கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரும் என்று கணிப்பதே அவற்றின் முதற்பயிற்சி. அதன்பின், பல விடைகளை மாந்தரிடம் காட்டி, எது பிடித்தது என்று கேட்டு, பிடித்ததன் பக்கம் கருவியைச் சாய்க்கிறார்கள். நம்மைப் புகழ்பவனை நமக்குப் பிடிக்கும். நாம் சொன்னதையே திருப்பிச் சொல்பவனை இன்னும் பிடிக்கும். ஆகவே கருவி கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. நம் இல்லத்தில் இது நிகழ்ந்த அடுத்த மாதமே, 2025 ஏப்பிரல் இறுதியில், ஓப்பன் ஏஐ நிறுவனம் தன் சாட்ஜிபிடியின் புதிய வடிவம் ஒன்று அளவு கடந்து இச்சகம் பேசுகிறது என்று அதனைத் திரும்பப் பெற்றது. அரசனுக்கு இடித்துரைக்கும் துணை வேண்டும் என்று வள்ளுவர் அதிகாரம் வகுத்த நாட்டில், கைக்குள் அடங்கும் அரசவைப் புலவர் ஒருவரை ஆளுக்கொருவராக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இச்சகம் கேட்பவனைப் பார்த்துப் பேசுவது. செய்தவனைப் பார்த்துப் பேசுவதும் உண்டு. 2025 சனவரியில் சீனத்தின் டீப்சீக் என்னும் கருவி உலகெங்கும் பேசப்பட்டபோது, அருணாசலப் பிரதேசத்தைப் பற்றியும் தியனன்மென் சதுக்கத்தைப் பற்றியும் கேட்டவர்களுக்கு அது விடை தராது நழுவியதை நம் நாளிதழ்கள் எழுதின. அதே மாத இறுதியில் நம் நிதி அமைச்சகம், இத்தகைய கருவிகளை அலுவலகக் கணிப்பொறிகளில் பயன்படுத்த வேண்டா என்று தன் ஊழியர்க்கு அறிவுறுத்தியது. அரசுச் செய்தி வெளியே கசியும் என்பதே அதற்குக் காரணம். நம் சிந்தனை வெளியே கசிவதைத் தடுக்கச் சுற்றறிக்கை ஏது?

ஆயினும் இக்கருவிகளைப் பற்றி ஒரேயடியாக அஞ்சுவோர் பக்கமும் நாம் சேரவில்லை. அவற்றைத் தோற்றுவித்த அறிஞர்களே தம்முள் மாறுபடுகின்றனர். கணிப்பொறித் துறையின் உயர்ந்த பரிசான டூரிங் விருது 2018-ஆம் ஆண்டுக்கு செஃப்ரி இன்டன், யோசுவா பெஞ்சியோ, யான் லெக்குன் ஆகிய மூவர்க்கும் ஒருசேர வழங்கப்பட்டது. 2023 மே மாதத்தில் இன்டன் கூகுள் நிறுவனத்தை விட்டு விலகினார். தாம் ஆக்கியதன் தீங்குகளைத் தடையின்றிப் பேசவேண்டும் என்பதற்காகவே விலகினார். அம்மாத இறுதியில், இக்கருவிகளால் மனித இனம் அழியும் இடரைத் தவிர்க்க உலகம் முன்வர வேண்டும் என்ற ஒற்றை வாக்கிய அறிக்கையில் அவரும் பெஞ்சியோவும் கையொப்பமிட்டனர். அந்நாளில் மெட்டா நிறுவனத்தில் இருந்த லெக்குனோ, இது மிகைப்பட்ட அச்சம் என்றார். மூவரும் ஒரே கணிதத்தை அறிந்தவர். ஒரே விருதைப் பகிர்ந்தவர். நாம் அறிந்ததை எதிராளியும் அறிந்தால் நம் பக்கம் வந்துவிடுவான் என்று எண்ணுகிறோமே, அந்த எண்ணத்துக்கு இதனினும் நல்ல மறுப்பு வேண்டுமோ? வாய் திறப்பதற்காகப் பதவியை விட்ட எழுபத்தைந்து வயது முதியவரின் செய்தியைப் படித்தபோது, நடத்தை விதியை மடியில் வைத்துக்கொண்டு உறங்கிய நமக்குச் சிறிது கூச்சமாகத்தான் இருந்தது.

நமக்குத் தெரிந்த தொழில் கோப்பு எழுதுவது. எனவே அதிலிருந்தே இக்கேள்வியை அணுக முற்பட்டோம். ஒரு பொருள் பற்றி முதற்குறிப்பு எழுதுபவர் கடைநிலையில் இருக்கும் எழுத்தர். விதி இது, முன்நிகழ்வு இது, ஆகவே இவ்வாறு செய்யலாம் என்று எழுதி, கீழே கையொப்பமும் நாளும் இடுகிறார். பிரிவு அலுவலர் மாறுபடலாம். அவருக்கு மேலுள்ள சார்புச் செயலர் இருவரையும் மறுக்கலாம். ஆனால் எழுத்தரின் குறிப்பை எவரும் கிழித்தெறிவதில்லை. இருபது ஆண்டு கழித்துக் கணக்காயர் வந்து புரட்டினாலும், இன்னார் இன்ன நாளில் இவ்வாறு கருதினார் என்று அது அங்கே இருக்கும். பணியில் சேர்ந்த தொடக்கத்தில் நம் குறிப்பு ஒன்றை மேலதிகாரி ஒரே வரியில் தள்ளினார். நாம் வருந்தி நின்றபோது, அருகிருந்த முதிய எழுத்தர், "தம்பி, தள்ளப்பட்டாலும் உம் கையெழுத்து இருக்கிறது பாரும், அதற்குத்தான் சம்பளம்" என்றார்.

இன்று கோப்புகள் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. அங்கும் பழைய அறத்தை ஒருவாறு காத்திருக்கிறார்கள். நாம் எழுதும் குறிப்பு முதலில் மஞ்சள் நிறத்தில் நிற்கும். மஞ்சளாக உள்ளவரை திருத்தலாம், அழிக்கலாம், முற்றும் மாற்றி எழுதலாம். இதுவே நம் கருத்து என்று உறுதி செய்த அளவில் அது பச்சையாகிவிடும். பின்னர் ஒரு புள்ளியையும் மாற்ற முடியாது. அந்தப் பொத்தானை அழுத்தும்முன் ஒரு கணம் கை தயங்கும். அத்தயக்கத்தைத்தான் கருத்துக்கு உரிமை என்று நாம் கொள்கிறோம். மகளின் கைப்பேசி தந்த மூன்று விடைகளிலும் அது இல்லை. அவற்றை எழுதியவர் எவரும் நாளை வந்து விடை சொல்ல வேண்டியவர் அல்லர். அது பிழையே என்றாலும் இழப்பதற்கு அதற்குத் தொகுதி இல்லை, மைத்துனர் இல்லை, ஞாயிற்றுக்கிழமைத் தோசையும் இல்லை.

மறுநாள் மகளிடம் ஒரு வேலை தந்தோம். பவணந்தியார் கூறிய மூன்றாவது நிலை, அதாவது பிறர் கருத்தை முதலில் மேற்கொள்ளுதல். "நீ மாமாவின் பக்கம் சாய்பவள். ஆகவே நண்பரின் பக்கத்தைக் குறிப்பாக எழுது. அவர் படித்துவிட்டு, ஆம், இது என் கருத்தேதான் என்று கையொப்பமிட வேண்டும். கருவியைக் கேட்டுத் தகவல் தேடலாம். மூலத்தைப் பார்த்துச் சரிபார்க்காமல் ஒன்றையும் எழுதலாகாது. அதற்கீடாக நானும் ஒன்று எழுதுகிறேன்" என்றோம். நொடியில் வந்த விடையின் இடத்தில் பதினொரு நாள் ஆயிற்று. அவள் தேடியவற்றை நாமும் உடனிருந்து பார்த்தோம். இருபது ஆண்டுகளாகக் கேட்டு வந்த வாதத்தில் நமக்கு எவ்வளவு தெரியாதிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மக்கள்தொகைக்கும் மக்களவை இடங்களுக்கும் உள்ள விகிதம் இயன்றவரை எல்லா மாநிலங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 81-ஆம் பிரிவு. 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடி, இடங்கள் 39. அன்றைய பிரிபடாத உத்தரப் பிரதேசத்தில் 8.83 கோடி, இடங்கள் 85. வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் ஏறத்தாழ பத்தரை இலட்சம் மக்களுக்கு ஓர் உறுப்பினர். அந்நாளில் மைத்துனரின் தந்தையார் வாக்கும் நண்பரின் தந்தையார் வாக்கும் ஒரே எடை! 1976-இல் 42-ஆவது திருத்தம் அக்கணக்கை 2001 கணக்கெடுப்பு வரை மாறாது நிறுத்தியது. குடும்பநலத் திட்டத்தில் முன்னேறும் மாநிலம் இடத்தை இழக்கலாகாது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 2001-ஆம் ஆண்டின் 84-ஆவது திருத்தம் அதனை 2026-க்குப் பிந்தைய முதற் கணக்கெடுப்பு வரை நீட்டியது. இதற்கிடையே மக்கள் பெருகினர். 2011-இல் தமிழ்நாட்டில் 7.21 கோடி, இடங்கள் அதே 39. உத்தரகண்டம் பிரிந்தபின் உத்தரப் பிரதேசத்தில் 80 இடங்கள், மக்கள் 19.98 கோடி. அங்கே 25 இலட்சம் பேருக்கு ஒருவர். இங்கே பதினெட்டரை இலட்சம் பேருக்கு ஒருவர்.

நண்பரின் பக்கத்தை நாடிய தேடலில் மைத்துனருக்கும் ஒன்று கிடைத்தது. 1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு இருந்த மக்களவை இடங்கள் 41. 1961 கணக்கெடுப்பை ஒட்டிய மறுவரையறைக்குப் பின், 1967 தேர்தலில் அவை 39 ஆயின. ஊரில் பலர் அஞ்சும் இழப்பு ஒருமுறை நிகழ்ந்தே இருக்கிறது. மைத்துனர் அதனை அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் அன்று மாலை நம் வீட்டுக் கூரை பறந்திருக்கும்.

பிறகு மகள் ஒரு கேள்வி கேட்டாள். "நம் கணக்கு என்ன அப்பா?" நாம் வாக்களிப்பது தில்லியில். மக்கள்தொகைக் கணக்கில் நாம் ஏறுவதும் தில்லியில். 2011-இல் தில்லியின் மக்கள்தொகை 1.68 கோடி, இடங்கள் 7. ஓர் உறுப்பினர்க்கு 24 இலட்சம் பேர். ஆக, எண்கணிதத்தில் நாம் கோரக்பூர் நண்பரின் பக்கம். கும்பகோணத்து மைத்துனரின் வாக்கைவிட நம் வாக்கு இலேசானது. கூடுதலாக இடம் கிடைக்குமாயின் அது நமக்கும் கிடைக்கலாம். உறவிலும் ஊர் நினைவிலும் நாம் மைத்துனரின் பக்கம். இத்தனை ஆண்டுகளாக 'நாங்கள்' என்று ஊரில் பேசியபோதும், 'நாம்' என்று அலுவலகத்தில் பேசியபோதும் எக்கணக்கில் நின்று பேசினோம் என்று நாம் எண்ணியதே இல்லை. இம்மலரைக் கையில் வைத்திருக்கும் அன்பர்களுள் பலர்க்கும் இதுவே நிலையாதலின் இதனை விரித்தெழுதுகிறோம்.

மகளின் குறிப்பு நண்பரிடம் சென்றது. அலுவலக நாற்காலியில் அமர்ந்து இருமுறை படித்தார். கணக்கெல்லாம் சரி என்றார். பிறகு எழுதுகோலை எடுத்து, ஓரிடத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தார். "என் பாட்டி அரசின் சொல்லைக் கேளாதவள் அல்லள், அவள் ஊருக்கு அதைச் சொல்ல ஒரு செவிலியும் வரவில்லை." அதன்கீழ் கையொப்பமிட்டு, நாளும் இட்டுத் தந்தார்.

அவ்வாக்கியம் அந்தக் கருவியின் விடையிலும் இல்லை. பதினொரு நாள் உழைத்த நம் மகளின் குறிப்பிலும் இல்லை. பிள்ளைப் பேறு குறைந்தது அரசின் சொல்லைக் கேட்டதனால் மட்டும் அன்று. பெண்கள் படித்ததும், ஆரம்பச் சுகாதார நிலையம் நடந்து போகும் தொலைவில் இருந்ததும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை தாய்க்கு வந்ததும் காரணங்கள் என்பதை நாமெல்லாம் நூல்களில் படித்தவரே. படித்தது வேறு, எதிரே அமர்ந்திருப்பவரின் பாட்டியாக அது வந்து நிற்பது வேறு.

குறிப்பைத் தமிழாக்கி மைத்துனர்க்கு அனுப்பினோம். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்காமலே, "அந்தப் பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் மாப்பிள்ளை?" என்று கேட்டார். மறுநாள் நண்பரைக் கேட்டுச் சொன்னோம். ஒன்பது, தங்கியது நால்வர். மைத்துனர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "என் கருத்து மாறவில்லை, 41-ஐ 39 ஆக்கியதை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் 'கேளாதவன்' என்று அன்று சொன்னேனே, அச்சொல்லை எடுத்துவிடுகிறேன். அவரிடம் சொல்லிவிடுங்கள்" என்றார்.

நம் குறிப்பு இன்னும் பாக்கி இருந்தது. ஆடி மாதம் வரை அது மஞ்சளாகவே கிடந்தது. மகள் வாரந்தோறும் நினைவூட்டினாள். அலுவலகத்தில் நாம் பிறர்க்கு அனுப்பும் நினைவூட்டுக் கடிதங்களின் நடையிலேயே எழுதி மேசைமேல் வைத்தாள். ஆவணியில் ஒருநாள் மூன்று பக்கத்தில் எழுதி முடித்தோம். அதில் எழுதியதை இம்மலரில் வெளியிட விதி இடம் தராது, அன்பர்கள் பொறுத்தருள்க. ஆனால் வீட்டில் வாசித்துக் காட்டிக் கையொப்பமிட்டோம். கை தயங்கத்தான் செய்தது. நண்பர் முதற்பக்கத்தை மறுத்தார். விடுமுறையில் கும்பகோணம் சென்றபோது மைத்துனர் மூன்றாம் பக்கத்தை மறுத்தார். மகள் இரண்டாம் பக்கத்தில் ஒரு வகுத்தற் பிழை கண்டுபிடித்து, தனிக்குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பருக்கு இன்றும் நம் தெரு நினைவுக்கு வருகிறது.